நாலு கிலோமீட்டர் தள்ளி வேறு மாநிலம்

கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போனபோது, நான் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்கிறேன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்பா வீட்டு வாசலிலிருந்து மாமியார் வீட்டு வாசல் நாலு கிலோமீட்டர். நடுவில் ஒரு பாசன வாய்க்கால், அதன்மேல் இரண்டு மாட்டுவண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டிய அளவுக்கு ஒரு பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு. அந்தப் பக்கம் காரைக்கால் பகுதி. அதாவது பாண்டிச்சேரி அரசு. அப்பாவின் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்து முடிந்தபின் மிச்சம் என் மாமனார் வயலுக்குத்தான் போகும். இரண்டு வீட்டாரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே லூத்தரன் கோயிலுக்கு வருகிறவர்கள். மாப்பிள்ளை தேடியபோது "ரொம்பப் பக்கம், நினைச்சா நடந்தே வந்து பாத்துட்டுப் போகலாம்" என்றுதான் அம்மா சந்தோஷப்பட்டாள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சியும் முடித்தவள். இருபது வயதில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்திருந்தேன். அந்தக் காலத்தில் இடைநிலை ஆசிரியர் வேலை பதிவு மூப்புப்படிதான். முதலில் பதிந்தவருக்கு முதலில் கடிதம் வரும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பதிவைப் புதுப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்தைப் பிரித்தபோது என் பதிவு புது மாவட்டத்து அலுவலகத்துக்கு மாறியது. ஆனால் மூப்பு அப்படியே இருந்தது. அதைப் பெரிய விஷயமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணவர் காரைக்கால் பக்கம் ஒரு ஓடு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். அந்தத் தொழிற்சாலை வடக்கே எங்கிருந்தோ வந்து அங்கே கடை விரித்ததற்குக் காரணமே எல்லைக்கு அந்தப் பக்கம் வரி குறைவு என்பதுதான். அப்போது அப்படி நிறைய ஆலைகள் வந்தன. முதலாளிகளுக்கு அந்தப் பாலம் வரம். எனக்கு என்னவாக இருந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கல்யாணமான முதல் மாதமே மாமனார் ஆசையாக என் பெயரை அவர்கள் ரேஷன் கார்டில் சேர்த்துவிட்டார். எனக்கும் சேர்த்துச் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் வரும் என்ற எண்ணம்தான். அப்பா தன் கார்டிலிருந்து என் பெயரை நீக்கிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்தது. எங்கள் வாழ்க்கையில் அரசாங்கம் சம்பந்தமாகச் சீக்கிரம் முடிந்த வேலை அது ஒன்றுதான்.

ஒரு வருஷம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்கப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா. முகவரி மாறியிருந்தால் ரேஷன் கார்டு காட்ட வேண்டும் என்றார். காட்டினேன். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, வேற ஸ்டேட் கார்டா இருக்கு?"

"கல்யாணமாகிப் போயிருக்கேன் சார். பக்கத்து ஊர்தான். நாலு கிலோமீட்டர்."

"நாலா இருந்தா என்ன, நானூறா இருந்தா என்ன? ஸ்டேட் மாறிட்டா இங்கேர்ந்து பதிவை எடுத்துடணும். அங்க போய்ப் பதிஞ்சுக்குங்க."

"அப்ப ஆறு வருஷ சீனியாரிட்டி?"

எனக்குப் பின்னால் நின்றவர்கள் முன்னால் நெருங்கினார்கள். நான் நகரவில்லை. அழுதேன் என்று நினைக்கிறேன். கோபம் வந்தாலும் எனக்குக் கண்ணீர்தான் முந்திக்கொண்டு வரும். குமாஸ்தா கார்டை ஜன்னல் வழியாக என் பக்கம் தள்ளினார்.

"இந்தக் கார்டை நான் பாக்கல. புதுப்பிக்கிறதுக்கு இன்னும் பதினெட்டு மாசம் சலுகை இருக்கு. அதுக்குள்ள நம்ம பக்கத்துக் கார்டோட வாங்க. இல்லாட்டி அங்க பதிஞ்சுக்குங்க. இப்ப வழி விடுங்கம்மா."

அந்த மனிதர் அன்று செய்தது எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அன்றைக்கு அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன்.

சரி, புகுந்த ஊரிலேயே பதிந்துகொள்வோம் என்று காரைக்காலில் அதற்கான அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அம்மாள் மிகவும் மரியாதையாகப் பேசினார். உட்காரச் சொன்னார். சான்றிதழ்களைப் பார்த்தார். நல்ல மார்க் என்றார். பிறகு குடியிருப்புச் சான்று கேட்டார். ரேஷன் கார்டை நீட்டினேன்.

"இது போதாதுங்க. தொடர்ந்து அஞ்சு வருஷம் இங்க குடியிருந்ததா சர்டிபிகேட் வேணும்."

"வீட்டுக்காரர் இங்கேயே பொறந்தவர். அவங்க தாத்தாவும் இங்கதான்."

"அது அவருக்குங்க. உங்களுக்குக் கல்யாணத் தேதியிலேர்ந்து எண்ணணும்."

"சரிங்க, அஞ்சு வருஷம் கழிச்சு வரேன்."

அவர் என் பிறந்த தேதியைப் பார்த்தார். விரலை மடக்கி எண்ணினார். சங்கடத்தோடு சிரித்தார். அவர்கள் பக்கம் அப்போது இந்த வேலைக்கு வயது வரம்பு முப்பது. ஐந்து வருஷம் நிறைகிற நாளில் எனக்கு முப்பது வயதும் நாலு மாதமும் ஆகியிருக்கும்.

தமிழ்நாட்டில் எனக்கு வயது தடையில்லை. ஆனால் நான் அங்கே குடியில்லை. இங்கே குடியிருக்கிறேன், ஆனால் போதுமான அளவு குடியிருந்து முடிக்கும்போது வயது தாண்டிவிடும். என்னை எரிச்சல்படுத்தியது இன்னொன்று. காரைக்கால் பள்ளிக்கூடங்களில் அப்போது நடத்தியது தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம்தான். நான் பயிற்சியில் எந்தப் புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்திக் காட்டினேனோ அதே புத்தகத்தை என் மாமனார் வீட்டுக்கு எதிரே இருந்த பள்ளியில் பிள்ளைகள் சத்தம்போட்டு வாசிப்பது என் காதில் விழும். நான் சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன்.

நாலு மாதம் மனு எழுதினேன். யார் யாரையோ பார்த்தோம். கடைசியில் வழி சொன்னது மாமியார். அவர் நான்காம் வகுப்போடு நின்றவர். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்:

"எதுக்கும்மா இப்படி அலையுற? இந்தக் கார்டுலேர்ந்து பேரை எடுத்துட்டு, மறுபடி உங்கப்பா கார்டுலயே போட்டுக்க. காகிதம் அங்க இருக்கட்டும், நீ இங்க இரு."

கணவருக்குப் பிடிக்கவில்லை. "கல்யாணமான பொண்ணு பேரு எப்படிம்மா அப்பன் கார்டுல இருக்கும்?" என்றார். மாமியார் விடவில்லை. "உன் கார்டுல இருந்து என்ன ஆச்சு? ஒரு கிலோ சர்க்கரை கூடுதலா வந்துச்சு, அவ்வளவுதானே" என்றார்.

பெயரை நீக்கக் கணவரும் நானும் சேர்ந்தே போனோம். நான் அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தேன். நீக்கல் சான்று எழுதுகிறவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காரணம் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"இறப்பா, கல்யாணமா, வெளியூரா?"

"அப்பா வீட்டுக்குப் போறேன் சார்."

"எவ்வளவு நாளைக்கு?"

"நிரந்தரமா," என்றேன். அப்படிச் சொன்னால்தான் நீக்குவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கோர்ட்டுல முடிஞ்சுதாம்மா, இல்ல சும்மா பிரிஞ்சு இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, "இவரு யாரு, அண்ணனா?" என்றார்.

"வீட்டுக்காரர்."

அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அந்தப் படிவத்தில் எங்களுக்கென்று ஒரு கட்டம் இல்லை. கடைசியில் 'கணவரைப் பிரிந்து தந்தை இல்லத்தில் வசிப்பதால்' என்று எழுதி முத்திரை குத்தினார். சான்றை வாங்கிக்கொண்டு கணவர்தான் என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

அப்பா கார்டில் சேர்க்க எங்கள் ஊர் வி.ஏ.ஓ. சான்று தர வேண்டும். அவர் வெளியூர்க்காரர். விதி பிசகாதவர் என்று பெயர் எடுத்தவர். எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து பார்ப்பேன், ஆள் இருந்தால்தான் கையெழுத்து என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். ஆகவே காகிதம் அங்கே, ஆள் இங்கே என்ற மாமியாரின் கணக்கு பலிக்கவில்லை. துணிமணியை எடுத்துக்கொண்டு நிஜமாகவே அப்பா வீட்டுக்குப் போனேன். கணவர் வேலை முடிந்து, சாயங்காலம் சைக்கிளில் பாலம் தாண்டி வந்து என்னைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார்.

வி.ஏ.ஓ. உடனே வரவில்லை. இன்று வருவார், நாளை வருவார் என்று கடைத்தெருவுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். வந்தபோது எனக்கு ஏழு மாதம். குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அப்பா களத்திலிருந்து துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். வி.ஏ.ஓ. நாற்காலியில் உட்கார்ந்து என் வயிற்றைப் பார்த்தார்.

"தலைப்பிரசவத்துக்கு வந்திருக்காங்களா?"

அப்பாவுக்குப் பொய் வராது. "ஆமாங்க. அதுக்கும்தான்," என்றார்.

"அப்ப இது தற்காலிகமாச்சே. பிரசவத்துக்கு வந்தவங்களுக்கு எப்படி நிரந்தரக் குடியிருப்புன்னு எழுதறது?"

"இந்த வீட்டுலதாங்க பொறந்தா. இருபத்தஞ்சு வருஷம் இங்கதான் இருந்தா. அந்தப் பக்கம் இருந்தது ஒன்றரை வருஷம் வருமா?"

"அது போன கணக்குங்க. இப்ப ஆறு மாசம் தொடர்ந்து இருக்கணும். பிரசவம் ஆகட்டும். குழந்தைக்கு அஞ்சு மாசம் ஆனதுக்கப்புறமும் இங்கேயே இருந்தாங்கன்னா எழுதித் தரேன்."

அந்த நேரம் பார்த்துக் கணவர் உள்ளே வந்தார். அன்றைக்கு அவருக்குக் காலை ஷிப்டு. கையில் எனக்காக ஒரு சீப்பு வாழைப்பழம். வி.ஏ.ஓ. நீக்கல் சான்றை எடுத்து மறுபடி படித்தார். "பிரிஞ்சுட்டீங்கன்னு போட்டிருக்கு?" என்றார். கணவர் பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நான் உள்ளே போய்விட்டேன். என்னால் அந்தக் கேள்வியை இன்னொருமுறை கேட்க முடியவில்லை.

அந்தச் சான்றில் இருந்த வாக்கியம் எப்படியோ ஊருக்குள் பரவிவிட்டது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கணவன் மனைவி சமாதானம் பற்றி இருபது நிமிஷம் மெதுவாகப் பேசினார். வேதத்திலிருந்து வாசித்தார். கணவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து அம்மா வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்குள் எந்தச் சண்டையும் இல்லை, இது ரேஷன் கார்டு விஷயம் என்று நான் மூன்று முறை சொன்னேன். அவர் மூன்று முறையும் தலையாட்டினார். கிளம்பும்போது, "எதுவானாலும் ஜெபத்துல சொல்லுங்க. மனசு விட்டுப் பேசினா தீராத பிரச்சினை இல்ல," என்று கணவரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மகள் பிறந்தாள். வழக்கப்படி மூன்றாம் மாதம் மாமியார் வந்து குழந்தையைக் கூட்டிப்போக வேண்டும். அவர் வந்து, பார்த்து, கழுத்தில் சங்கிலி போட்டுவிட்டு, தனியாகத் திரும்பிப் போனார். போகும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. யோசனை அவருடையதுதான். அதற்காக அவர் தன்னையே நொந்துகொண்டார் என்று பிறகு நாத்தனார் சொன்னாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடு என்று கணவர் இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை நான் கத்திவிட்டேன். இவ்வளவு தூரம் வந்தபின் எதை விடுவது? வேலை கிடைக்குமா என்பதே அப்போது தெரியாது. வேலைக்காகக் காத்திருக்கிற வரிசையில் என் இடத்தைக் காப்பாற்றத்தான் இத்தனையும்.

குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்த அன்றே அப்பா வி.ஏ.ஓ.வைத் தேடிப் போனார். வேறு ஊருக்குக் கூடுதல் பொறுப்பாகப் போயிருந்தார். இரண்டு வாரம் கழித்து வந்து, குழந்தையைப் பார்த்து, தொட்டிலைப் பார்த்து, கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். பிறகு தாலுகா அலுவலகம், பிறகு கார்டு. புதுக் கார்டோடு அந்தப் பழைய ஜன்னலில் போய் நின்றபோது சலுகைக் காலம் முடிய இருபது நாள் பாக்கி. அதே கண்ணாடிக்காரர். பார்த்தார், பதிவேட்டில் எழுதினார், முத்திரை குத்தினார்.

"இப்ப சரியா இருக்கு," என்றார்.

அன்று சாயங்காலமே குழந்தையோடு பாலத்தைத் தாண்டிக் கணவர் வீட்டுக்குத் திரும்பினேன். மகளுக்கு நாலு வயதானபோது கடிதம் வந்தது. தமிழ்நாட்டுப் பக்கம், ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில் வேலை. அதற்குள் காரைக்கால் பக்கத்து வயது வரம்பு எனக்குத் தாண்டியிருந்தது. அப்பா வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர், கணவர் வீட்டிலிருந்து ஏழு. கணவரின் மொபெட்டில் போய்வந்தேன். அத்தோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பாலத்தருகே சோதனைச் சாவடி. காரைக்கால் பக்கம் சாராயம் விலை குறைவு என்பதால் கடத்தல் உண்டு. புதிதாக ஒரு காவலர் மாறிவரும்போதெல்லாம் என் மொபெட் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். ஒன்றாம் வகுப்பு நோட்டுகள், சாப்பாட்டு டப்பா, ஒரு குடை. "டீச்சருங்களா?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலையும் ஒருமுறை முகர்ந்து பார்ப்பார்கள்.

இரண்டாவது வருஷம் வாகனச் சோதனை. பள்ளிக்கு முன்னாலேயே, பெற்றோர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு இன்ஸ்பெக்டர் நிறுத்தினார். வண்டியில் பாண்டிச்சேரி எண். என் ஓட்டுநர் உரிமத்தில் அப்பா வீட்டு முகவரி; இருந்த ஒரே ரேஷன் கார்டை வைத்து வாங்கியது.

"லைசென்ஸ் இந்த ஊரு. வண்டி வேற ஸ்டேட்டு. ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டுறீங்கன்னு சொல்றீங்க. இங்க வரி கட்டணுமா வேணாமா?"

"வண்டி என் வீட்டுக்காரர் பேர்ல சார். அவரு காரைக்கால். நானும் சாயங்காலம் அங்கதான் போறேன்."

"அப்ப லைசென்ஸ்ல ஏன் இந்த முகவரி?"

வாயைத் திறந்தேன். அங்கேதான் குடியிருக்கிறேன் என்று சொன்னால் கார்டு பொய். இங்கேதான் குடியிருக்கிறேன் என்றால் வண்டி குற்றம். எத்தனையோ வருஷமாக அடக்கிவைத்ததெல்லாம் ஒரேயடியாக வந்துவிட்டது. ரோட்டில் நின்று ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். மூப்பு, ஐந்து வருஷம், முப்பது வயது, நீக்கல் சான்று. மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் முழுக் கதையிலும் அவர் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு இடம்.

"புருஷனைப் பிரிஞ்சு இருக்கீங்களா டீச்சர்?" என்றார் இரக்கமாக. "பிரிஞ்சாலும் வண்டியைக் குடுத்திருக்காரே, நல்ல மனுஷன். போங்க, போங்க. அடுத்த தடவை பாத்து ஓட்டுங்க."

வண்டியைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்குள் போனேன். மறுநாளிலிருந்து டவுன் பஸ்தான். இரண்டு பஸ் மாறி, ஏழு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஓய்வு பெறும்வரை அப்படியே போய்வந்தேன். நல்ல வேலை. நல்ல பிள்ளைகள். அதில் எனக்குக் குறையில்லை.

குடும்ப விசேஷங்களில் யாராவது இந்தக் கதையை எடுப்பார்கள். வாழைப்பழச் சீப்போடு கணவர் நின்றது, போதகர் தோளைத் தட்டியது, எல்லாவற்றையும் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். கணவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மகள் முதல்முறை குப்புற விழுந்தது ஒரு புதன்கிழமை மதியம், அப்பா வீட்டுக் கூடத்தில். நானும் அம்மாவும் கைதட்டினோம். சாயங்காலம் கணவர் வந்ததும் சொன்னேன். அவர் குழந்தையைப் பாயில் மல்லாக்கப் போட்டு, பக்கத்தில் முட்டியிட்டு, கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு, "எங்கே, எனக்குக் காட்டு பாப்பம்," என்று காத்திருந்தார். அவள் தூங்கிவிட்டாள். அவர் இன்னும் கொஞ்சநேரம் அப்படியே இருந்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.